ரிஜிஸ்டரில் ஏறிய புத்தி

சர்வீஸ் ரிஜிஸ்டரில் தவறாக ஏறிவிட்ட ஒன்றைத் திருத்துவதற்கு முறை இருக்கிறது. சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. அடித்தது என்னவென்று கீழே தெளிவாகத் தெரிய வேண்டும். சுரண்டக் கூடாது, மேலே காகிதம் ஒட்டக் கூடாது. ஓரத்தில் காரணம் எழுதி, அதன் கீழ் அதிகாரி சுருக்கொப்பமிட்டுத் தேதி போட வேண்டும். முதல் பக்கத்துப் பதிவாக இருந்தால் சம்பந்தப்பட்ட ஊழியரும் கையெழுத்திட வேண்டும். அவர் இடாத வரைக்கும் பழைய பதிவே செல்லும். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் இதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் சொந்தக் காரியமாக ஒரே ஒரு முறை செய்து பார்த்தேன். முறைப்படிதான் செய்தேன். செல்லவில்லை.

முப்பதுகளின் நடுவில், சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் ஓர் ஊரில், ஜில்லா போர்டு மிடில் ஸ்கூலில் கடைசி உதவி ஆசிரியனாகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்துநான்கு வயது. மதுரையில் பயிற்சி முடித்து வந்த சூடு ஆறாத காலம். பள்ளியில் ஏழெட்டு ஆசிரியர்கள் இருந்தோம். இங்கே மூன்று பேரைச் சொன்னால் போதும். தலைமையாசிரியருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. எழுதி வைக்காத எதுவும் நடக்கவில்லை என்று நம்புகிறவர். தமிழ்ப் பண்டிதர் மார்க்கையன்கோட்டைக்காரர். சொந்தமாக நஞ்சை இருந்தது, அதனால் யாருக்கும் பயப்பட மாட்டார். மூன்றாமவர் மூத்த உதவி ஆசிரியர். ராயப்பன்பட்டியிலிருந்து நாலைந்து மைல் சைக்கிளில் வருவார். கணக்கு எடுப்பார். என்னைவிட இருபது வருடம் சர்வீஸ் கூட. படிப்பும் பயிற்சியும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.

அவருடைய மனைவிக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. பகல் மணி அடித்ததும் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய், அந்த அம்மாளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, பிற்பகல் மணிக்குள் வேர்த்து விறுவிறுக்க வந்து சேருவார். மணிக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. தலைமையாசிரியருக்கென்று பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே போர்டு ஒரு வீடு கட்டியிருந்தது. அடுத்த தலைமையாசிரியர் அவர்தான், அந்த வீட்டுக்கு மனைவியை அழைத்து வந்துவிடுவார் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் அந்த வீட்டின் கிணற்றைப் பற்றிக்கூட விசாரித்து வைத்திருந்தார். கோடையில் ஊறுமா என்று.

வகுப்பில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டதும் யாரும் கையைத் தூக்கக் கூடாது. எல்லாரும் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அவரும் விரல் மடக்கி எண்ணுவார். பிறகுதான் விடை. தானும் அப்படியே. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட ஒரு கணம் பொறுத்துத்தான் பதில் வரும். எனக்கு அது எரிச்சல். அந்த வயதில் எனக்கு விடை கேள்விக்கு முன்பே வந்து நிற்கும்.

அது ஒரு ஆனி மாதச் சாயங்காலம். சாரல் விடவில்லை. மூத்தவர் சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். உலகத்திலேயே பெரிய அறிவாளி யார் என்று பேச்சு எப்படி ஆரம்பித்ததென்று ஞாபகமில்லை.

"ஹைகோர்ட்டு ஜட்ஜிமார்தான்" என்றார் தலைமையாசிரியர். "ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டு, ஒரு பக்கமும் சாயாம உக்காந்துருக்காகள்ல."

"எங்க ஊரு மண்டபத்துத் தூணுகூட ஒரு பக்கமும் சாயாமத்தான் நிக்கிது" என்றார் பண்டிதர். "அறிவாளியெல்லாம் ஓலையில எழுதுன காலத்தோட முடிஞ்சு போனாக. காகிதம் வந்துச்சு, கண்டவனும் எழுத ஆரம்பிச்சுட்டான்."

நான் மலையைக் குடைந்து மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய வெள்ளைக்கார இஞ்சினியரைச் சொன்னேன். அதற்கு மறுப்பு இராது என்று நினைத்தேன். மூத்தவர் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். பத்து முடிந்தது.

"அவுக அறிவாளிதான், சந்தேகமில்ல. தண்ணியக் கொண்டாந்துட்டாக. வந்த தண்ணிய கடைமடைக்காரன் வயலுக்கும் சண்டையில்லாம கொண்டுபோயிச் சேக்கிற ஆளு இன்னும் பொறக்கல. அவன் பொறக்கட்டும், பெறகு முடிவு பண்ணுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். என் இஞ்சினியர் தோற்றுப்போனதாக எனக்குப் பட்டது.

"இதெல்லாம் வாய்ப்பேச்சு சார். அறிவை அளக்க முடியும். சீமையில் அளக்கிறார்கள். எண்ணாகவே வரும்" என்றேன்.

"எத வச்சு அளப்பாக? படியா, முழக்கோலா?" என்றார் மூத்தவர். பண்டிதர் பக்கம் திரும்பி, "தம்பி மதுரையிலருந்து மரக்காலே கொண்டாந்துருக்காரு போல. தலைய அதுல கவுத்துறாம பாத்துக்கங்க."

மறுபடியும் சிரிப்பு. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். என் பெட்டியில் அந்த மரக்கால் உண்மையிலேயே இருந்தது, அதுதான் வினை.

பயிற்சிக் காலத்தில் எங்கள் போதகர் ஒருவர் புத்தி அளவைக் கேள்விகளை இங்கிலீஷிலிருந்து தமிழில் பெயர்த்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆகவே அதை நகலெடுக்கும் வேலை எனக்கு வந்தது. கேள்விகள், விடைகள், எத்தனை விநாடி கொடுக்கலாம், எந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு. அதை நான் மூன்று முறை முழுதாக எழுதினேன். நாலாவதாக ஒன்று எனக்காகவும் எழுதிக்கொண்டேன்.

கணக்கு எளிது. சரியாகச் சொன்ன விடைகளைக் கூட்டினால் மன வயது என்று ஒன்று வரும். அதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பெரியவர்களுக்கு உண்மையான வயது எதுவானாலும் பதினாறு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் புத்தி வளர்வதில்லையாம். ஐம்பத்துமூன்று வயதுத் தலைமையாசிரியரிடம் "உங்களுக்குப் பதினாறு" என்று சொன்னபோது அவர் வெட்கப்பட்டு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு சனிக்கிழமைகள் காலையில், தலைமையாசிரியர் அறையில், அவருடைய பாக்கெட் கடிகாரத்தை மேஜைமேல் வைத்து அளந்தேன். முதலில் அவர்தான். மூன்று இடங்களில் தடுமாறினார். அந்த மூன்று இடங்களிலும் நான் கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்டேன். அந்தக் கேள்விக் கட்டிலேயே சிவப்பு மையால் அடிக்கோடிட்டு "கேள்வியை மாற்றிக் கேட்கக் கூடாது" என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான்தான். அவருக்கு நூற்றாறு வந்தது. பண்டிதர் பாதியிலேயே அலுத்துப்போய், "இந்தக் கேள்விய எழுதுனவனுக்கு எம்புட்டு வந்துச்சாம்? அதச் சொல்லு மொதல்ல" என்றார். அவருக்குத் தொண்ணூற்று நாலு.

பிறகு மூத்தவர் உட்கார்ந்தார். எண்களைப் பின்னாலிருந்து முன்னால் சொல்வதில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. மற்றவற்றில்தான். கேள்வி முடிந்ததும் விரல் மடங்க ஆரம்பிக்கும். பத்து விநாடிக் கேள்விக்குப் பத்து எண்ணி முடித்து வாயைத் திறக்கும்போது நேரம் போயிருக்கும். விடை சரியாக இருக்கும். நான் சுழி போடுவேன். வேகமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேள்விக் கட்டின்படி அப்படிச் சொல்ல இடமில்லை. அதில் எழுதியதை மீறக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அந்த நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் உண்டாயிற்று.

ஒரு காகிதத்தில் வட்டம் போட்டிருக்கும். அது ஒரு வயல். அதற்குள் உங்கள் சாவிக்கொத்து விழுந்துவிட்டது, எந்த இடமென்று தெரியாது. எப்படி நடந்து தேடுவீர்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தால் முழு மதிப்பெண். தலைமையாசிரியர் ஜிலேபி மாதிரி சுற்றி வந்திருந்தார்.

மூத்தவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, பயிரு நிக்கிதா, அறுத்துக் கெடக்கா?"

"கேள்வியில் இருப்பது அவ்வளவுதான் சார்."

"யாரு வயலு?"

"விதிப்படி நான் ஒன்றும் சொல்லக் கூடாது."

"சாவி என்னுது. வயலு என்னுதான்னு தெரியணும்ல? நடவு நட்டுருந்தா எப்படி உள்ள எறங்கிச் சுத்துறது? அடுத்தவன் பயிரு." பென்சிலை வைத்துவிட்டார். "நான் வரப்புல நின்னு வயக்காரனக் கூப்புடுவேன். இதுல அதுக்கு எங்கன கோடு போட?"

நான் சுழி போட்டேன். அவருடைய மன வயது பதின்மூன்று என்று வந்தது. பதினாறால் வகுத்து நூறால் பெருக்கினால் எண்பத்தொன்று. காகிதத்தை அவரே வாங்கி வகுத்தலைச் சரிபார்த்து, "கணக்கு சரிதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"இனி உங்களை யார் அளப்பது?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது: எனக்கு விடையெல்லாம் தெரியும், என்னை அளக்க முடியாது. பதினோரு வயதுப் பையன்கூடச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. கடிகாரத்தை எப்படிப் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தலைமையாசிரியருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

யோசிப்பது போல் மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு நெற்றியைத் தேய்த்தேன். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வருமென்று, இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தவறாகச் சொன்னேன். எது எளிதோ அதில் தவறக் கூடாது, கடினமானதில்தான் தவற வேண்டும் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றியது. என் வாழ்க்கையில் புத்தியை அவ்வளவு கூர்மையாகப் பயன்படுத்திய அரைமணி நேரம் வேறு இல்லை. நூற்றிருபத்தைந்து வந்தது.

"தம்பிக்கு நல்ல தலை" என்றார் மூத்தவர். பொறாமை கொஞ்சமும் இல்லை. அவருக்கு அது கொஞ்சம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இது இத்தோடு ஒரு விளையாட்டாய் முடிந்திருக்க வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் எழுதி வைக்கும் மனிதர். திங்கட்கிழமை பீரோவைத் திறந்து எல்லாருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரையும் எடுத்து மேஜையில் அடுக்கினார். அதன் முதல் பக்கத்தில் ஊழியரின் பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும்.

"ஒயரம் அளந்தோம், எழுதுனோம். இதயும் அளந்துருக்கோம். எழுதாம விடலாமா? உங்க கையெழுத்துத்தான் அழகு, எழுதுங்க."

உத்தரவில்லாமல் ரிஜிஸ்டரில் புதிய இனம் சேர்க்கக் கூடாது என்ற விதி எனக்கு அப்போதே தெரியும். விதிகளை நான் விரும்பிப் படிக்கிறவன். வாயைத் திறக்காமல் எழுதினேன். மூத்தவரின் பக்கத்தில், "வலது புருவத்தின் மேல் ஒரு தழும்பு" என்பதற்குக் கீழே, "புத்தி அளவு: 81" என்று என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். தழும்பைப் போலவே அதுவும் அவருடன் பிறந்தது மாதிரி அங்கே உட்கார்ந்துகொண்டது. என் பக்கத்தில் 125. தலைமையாசிரியர் எல்லாவற்றிலும் சுருக்கொப்பமிட்டுப் பள்ளி முத்திரையும் குத்தினார்.

இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். அடுத்தவரை நியமிப்பதற்காக எங்கள் ரிஜிஸ்டர்கள் மேலே போயின. அங்கே இருந்த அதிகாரி புதுமையில் நாட்டமுள்ளவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூத்தவரின் முதல் பக்கத்தையும் என் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். சர்வீஸ் காலத்தை மட்டும் பாராமல் தகுதியையும் பார்த்து என்னை நியமிப்பதாக உத்தரவு வந்தது. தகுதி எந்த மரக்காலில் அளந்தது என்று உத்தரவில் இல்லை. அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணக்கு அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்து, "இது ஹெட்மாஸ்டர்கிட்ட இருக்க வேண்டியது, சார்" என்றார். அதுவரை தம்பி. அன்றிலிருந்து சார்.

பண்டிதர் அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. "வீட்டுல கெணறு நல்லா ஊறுமாம். விசாரிச்சு வச்சிருக்காக. ஒனக்கு ஒருத்தனுக்குக் குளிக்கக் காணும்" என்றார்.

நான் அப்போது தனி ஆள். அந்த வீட்டில் மூன்று அறை. ஒன்றில் படுத்தேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய மற்ற இரண்டையும் பூட்டி வைத்தேன். மூத்தவர் பகல் மணி அடித்ததும் சைக்கிளில் ஏறி என் வாசல் வழியாகத்தான் போவார்.

வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஆசிரியரும் தம் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் போடும் இடத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிப்பார். முதல் வருடம் நான் வேறு காகிதத்தைப் புரட்டுவது போல் இருந்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"எண்பத்தொண்ணு அப்படியேதான் இருக்கு. இதுக்கு இன்கிரிமெண்டு கெடையாதாக்கும்?"

நான் சிரித்தேன். அதற்கு வேறு என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு வருடமும் அதே வரி, அதே விரல், ஏறக்குறைய அதே வேடிக்கை. ஒவ்வொரு முறையும் நான் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

யுத்தம் வந்தது. சைக்கிள் டயர் கிடைப்பது அருமையாகிவிட்டது. அவருடைய பின்சக்கரத்தில் பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்துக் கயிறு சுற்றியிருந்தது. ஒரு நாள் அதுவும் போயிற்று. நடந்து போய், ஊட்டிவிட்டு, நடந்து வர நேரம் போதாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மாளுக்குச் சோறு தொண்டையில் அடைத்துக்கொள்ளுமாம், அந்தப் பெண்ணுக்கோ அவசரம்.

"ஒவ்வொரு வாய்க்கும் பத்து எண்ணணுமாம்ல" என்றார் பண்டிதர் என்னிடம். "முழுங்கிட்டாகளான்னு பாத்துட்டுத்தான் அடுத்த வாய். இம்புட்டு வருசமா எண்ணி எண்ணி, மனுசனுக்கு அது ஒடம்போட ஒட்டிப்போச்சு. நீ கடியாரத்த வச்சுக்கிட்டு அதுக்குத்தான் சைபர் போட்ட."

அந்த வாரமே மூத்தவரிடமிருந்து மனு வந்தது. கனிவான, பிழையில்லாத மனு. தலைமையாசிரியர் வீட்டில் உபயோகத்தில் இல்லாத இரண்டு அறைகளில் தற்காலிகமாகக் குடியிருக்க அனுமதிக்க வேண்டும். காரணம், மனைவியின் உடல்நிலை.

போர்டு வீட்டின் பகுதியை வேறொருவருக்கு விட மேலதிகாரியின் சம்மதம் வேண்டும். ஆனால் அதே விதியின் கீழ்ப்பகுதியில், அவசர நிமித்தம் தலைமையாசிரியர் தம் பொறுப்பில் உடனே அனுமதித்துப் பின்னர் சம்மதம் பெறலாம் என்று இருந்தது. ஒரு கையெழுத்துப் போதும், அன்று சாயங்காலமே வண்டி கட்டி அந்த அம்மாளை அழைத்து வந்திருக்கலாம். மனுவை மேஜையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருப்பார். காலையில் கிணற்றடியில் எதிரே வருவார். அந்த அம்மாள் என்னைப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு ஒரு முறை வாசலில் கடந்து போகிறவரையே என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மேலதிகாரிகளின் உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி மனுவை மேலே அனுப்பினேன். அவரிடம் போய், "விதி அப்படி இருக்கிறது சார்" என்றேன்.

விரல் மடங்கியது. "விதி இருந்தாச் சரி, சார்" என்றார்.

மேலிருந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கொடுத்தேன். வீட்டின் வரைபடம் கேட்டார்கள். கொடுத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. கார்த்திகையில் ஒரு நாள் பகலில் அந்த அம்மாள் இறந்துபோனாள். மணி அடிக்க இன்னும் ஒரு வகுப்பு இருந்தது; அவர் ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். ராயப்பன்பட்டியிலிருந்து ஆள் வந்து சொல்லி, நடந்தே போனார். நான் அடக்கத்துக்குப் போனேன், பின் வரிசையில் நின்றேன், மாதா கோயில் மணியை எண்ணிக்கொண்டு நின்றேன், மணி நின்றதும் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அனுமதி வழங்கப்பட்டிருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதாமலிருக்கப் பல வருடம் முயன்றிருக்கிறேன். மேலிருந்து வரும் உத்தரவை மனுதாரருக்குச் சார்பு செய்து, அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். மனுவின் காரணம் இப்போது இல்லை என்று இரண்டு வரி எழுதி நானே திருப்பியிருக்கலாம். அதற்கும் முறை உண்டு. ஆனால் தபால் புத்தகத்தில் பதிந்து, பியூனிடம் கொடுத்து, அவருடைய வகுப்புக்கு அனுப்பினேன். கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று சொல்லலாம். கைக்குத் தனியாகப் புத்தி அளவு உண்டா என்று தெரியவில்லை.

பியூன் திரும்பி வந்தான். கையெழுத்தும் தேதியும் இருந்தன. பகல் மணி அடித்ததும் அவரே வந்தார்.

"சாவி வேணும், சார்."

எழுந்து போய்த் திறந்துவிட்டேன். உள்ளே வௌவால் நாற்றம். ஓட்டு இடுக்கிலிருந்து கொட்டிய தூசி தரையில் படிந்திருந்தது. அவர் ஒரு அறையைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அடுத்த அறை ஜன்னல் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கும். திறந்தால் ஐந்தாம் வகுப்பின் கரும்பலகை தெரியும். அவர் கொண்டியை நீக்கித் திறந்தார். வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"இங்கன கட்டிலப் போட்டுருந்தா, நான் பாடம் நடத்துறது அவளுக்குக் கேட்டுருக்கும்" என்றார். "கேட்டுட்டு, சத்தம் போடாதீகன்னுதான் சொல்லிருப்பா."

ஜன்னலைச் சாத்தினார். தாமே பூட்டினார். சாவியை என் கையில் வைத்தார். "வேணாம் சார். எழுதி அனுப்பிருங்க."

அன்றைக்குப் பிறகுதான் எனக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அடுத்த கையெழுத்து நாள் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. இரண்டாவது வாரமே அவரைக் கூப்பிட்டேன். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்திருந்தேன். 81 என்பதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், "முறையாக அளக்கப்படாததால் நீக்கப்பட்டது." என் சுருக்கொப்பம், தேதி. கீழே அவருக்கான இடம்.

அவர் படித்தார். விரல்கள் மடங்கின. நான் அந்தப் பத்தையும் அவருடன் எண்ணினேன்.

"முறையா அளக்கலன்னா? அளந்தது முறைப்படிதான் சார். நாந்தான் வகுத்துப் பாத்தேனே. யாருக்கு முறையா அளக்கல?"

நான் சிவப்பு மைக்கூட்டை மூடினேன்.

"சாரோட ரிஜிஸ்டர்ல இருக்கது?"

"என்னுடையதை நான் திருத்தக் கூடாது சார். மேலதிகாரிதான் திருத்த முடியும். காரணம் எழுதி அனுப்ப வேண்டும்."

"எழுதி அனுப்பலாம்ல."

சாரல் நாளில் சிரித்த அதே முகம்தான். கோபம் இல்லை. எனக்கு அப்போது புரிந்தது, அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று கேட்கத் துணிவில்லை. அவரே சொன்னார்.

"ஓட்டப் பாத்து யோசிச்சீக பாருங்க, அப்பவே நெனச்சேன். வகுப்புல பாடம் பாத்துட்டு வந்த பய அப்படித்தான் ஓட்டப் பாப்பான். பாடம் தெரியாத பய தரையப் பாப்பான்." ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "சின்னப் பிள்ளைத்தனம், போகட்டும்னு விட்டேன். இம்புட்டு தூரம் போகும்னு எனக்கும் தெரியல. எனக்கும் புத்தி எண்பத்தொண்ணுதான போல."

"கையெழுத்துப் போடுங்கள் சார்" என்றேன். என் குரல் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, நான் மக்கு இல்லன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதுக்கு நான் எதுக்கு? அளந்தவுக எழுதட்டும், என்ன நடந்துச்சுன்னு. அத எழுதிட்டுக் கூப்புடுங்க. வந்து போடுறேன்."

போய்விட்டார். பகல் மணி அடிக்க நேரமிருந்தது. அவர் இப்போது அந்த மணிக்காகக் காத்திருப்பதில்லை.

அதை எழுதினேன். மூன்று முறை எழுதினேன், அந்தக் கேள்விக் கட்டை நகலெடுத்தது போலவே. "மேற்படி அளவைக்கு முன்பே கேள்விகளும் விடைகளும் எனக்குத் தெரிந்திருந்தன" என்ற வரி வரைக்கும் ஒவ்வொரு முறையும் நன்றாக வரும். அதற்குப் பிறகு, "ஆகவே என் நியமனம்" என்று தொடங்க வேண்டும். மூன்று காகிதமும் அந்த இடத்தில் நின்றுபோயின. அவரைக் கூப்பிடவே இல்லை. யுத்தம் முடிந்த சிறிது காலத்தில் அவர் ஓய்வு பெற்றார். ரிஜிஸ்டர் பென்ஷன் காகிதங்களோடு போயிற்று: அடித்த எண்பத்தொன்று, என் சுருக்கொப்பம், அதன் கீழே காலி இடம். முறைப்படி பார்த்தால் எண்பத்தொன்றுதான் இன்றைக்கும் செல்லும்.

அந்த எண் எதை அளக்கிறது என்று பிற்காலத்தில் கூட்டங்களில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கல்வி இலாகாவில் நான் படிப்படியாக ஏறியிருந்தேன், கேட்கத்தான் செய்வார்கள். நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதனிடமிருந்து ஒரு ஜன்னலை எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எதுவும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் வழியனுப்பு விழாவில் பேசிய அதிகாரி இளைஞர். என் ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வந்திருந்தார். "ஐயாவுக்கு அந்தக் காலத்திலேயே புத்தியை அளந்து பதிந்திருக்கிறார்கள். நூற்றிருபத்தைந்து!" என்றார். கைதட்டினார்கள். நான் அடக்கமாகச் சிரித்துவிட்டு, பார்க்க வேறு இடமில்லாமல், ஓட்டைப் பார்த்தேன்.